ஆர்.என்.ஏ.வின் வடிவத்தையும் அதில் ஒட்டும் மருந்தையும் கணினி எவ்வளவு தூரம் கணிக்கும்?

உயிர்வேதியியல் முதுகலை மாணவர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துவிடுகிறது. அதே வழியில் ஆர்.என்.ஏ.வின் வடிவத்தைக் கணித்து, அதில் ஒட்டக்கூடிய மருந்து மூலக்கூறுகளையும் கணினியிலேயே தேடிவிடலாமா? திட்டப்பணிக்கு இதை எடுத்துக்கொண்டால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?"

சுருக்கமாகச் சொன்னால், ஆர்.என்.ஏ. இழையில் எந்த எழுத்து (ஏ, யு, ஜி, சி என்ற காரங்கள்) எந்த எழுத்தோடு இணைகிறது என்ற கணிப்பை, ஆய்வகத் தரவு துணைக்கு இருந்தால், பெருமளவு நம்பலாம். முப்பரிமாண வடிவத்தை, ஏற்கெனவே அறியப்பட்ட உறவு ஆர்.என்.ஏ. ஒன்று இருக்கும்போது மட்டும் ஓரளவு நம்பலாம். மருந்து ஒட்டுமா என்ற கணிப்பை, ஆயிரம் சேர்மங்களில் முதலில் எந்த ஐம்பதைச் சோதிப்பது என்று வரிசைப்படுத்தப் பயன்படுத்தலாமே தவிர, முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மூன்று விடைகளுக்கும் பின்னால் இருக்கும் காரணம் ஒன்றே: கணிக்கும் மாதிரி, அதாவது தரவிலிருந்து கற்கும் நிரல், எதில் பயின்றது, எதில் சோதிக்கப்பட்டது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. ஆர்.என்.ஏ. துறையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு துல்லிய எண்ணையும் ஏற்க முடியாது.

முதலில் இரண்டாம் நிலை அமைப்பை, அதாவது எது எதோடு இணைகிறது என்பதை, எடுத்துக்கொள்வோம். ஆர்.என்.ஏ. ஓர் ஒற்றை இழை. அது தன்மேலேயே மடங்கி, ஜி என்ற காரம் சியோடும், ஏ என்ற காரம் யுவோடும், சில இடங்களில் ஜி யுவோடும் இணைந்து தண்டுகளையும் வளையங்களையும் உண்டாக்குகிறது. 1978-இல் ரூத் நுசினோவும் அவருடன் பணியாற்றியவர்களும், மிக அதிகமான இணைகளைத் தரும் மடிப்பைக் கண்டுபிடிக்கும் நெறிமுறையைத் தந்தார்கள். 1981-இல் மைக்கேல் சூக்கரும் ஸ்டீக்லரும், இணைகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஆற்றலைக் கூட்டும் முறைக்கு மாற்றினார்கள். அதற்கு வேண்டிய ஆற்றல் அளவுகளை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் டர்னரின் ஆய்வகம், சிறுசிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைச் சூடாக்கி உருக்கிப் பார்த்தே பல்லாண்டுகளாகச் சேர்த்தது. இன்று நாம் பயன்படுத்தும் வியன்னா ஆர்.என்.ஏ. மென்பொருளின் அடித்தளமும் அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு சிறு துண்டில் பார்க்கலாம். ஜி-ஜி-சி-ஜி-ஏ-ஏ-ஏ-ஜி-சி-சி என்ற பத்து எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் கடைசி மூன்றும் இணைந்து ஒரு குட்டித் தண்டாகின்றன; நடுவிலுள்ள ஜி-ஏ-ஏ-ஏ நான்கும் வளையமாகின்றன. ஓர் இணையின் மேல் அடுத்த இணை அடுக்குவதால் தண்டில் இரண்டு அடுக்குகள் கிடைக்கின்றன. ஒன்று ஏறத்தாழ 3.3 கிலோகலோரியும் மற்றது 3.4 கிலோகலோரியும் உறுதி சேர்க்கின்றன. நான்கு எழுத்து வளையத்தை மூடுவதற்கு ஏறத்தாழ 5.6 கிலோகலோரி செலவாகிறது. ஆக, வளையத்தின் உள்ளமைப்பு தரும் கூடுதல் உறுதியைச் சேர்க்காமல் பார்த்தால், மோலுக்கு 1.1 கிலோகலோரிதான் மிச்சம். உடல் வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வேறுபாடு என்பது பத்து மடங்கு விகிதத்துக்குச் சமம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அளவுகளில் அரை கிலோகலோரி பிழை இருந்தாலே, மடிந்த மூலக்கூறுகளுக்கும் மடியாதவற்றுக்கும் உள்ள விகிதம் வெகுவாக மாறிவிடும். நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ.வில் இத்தகைய பிழைகள் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் ஒரே ஒரு 'சிறந்த மடிப்பை' மட்டும் பார்க்காமல், மெக்காஸ்கில் 1990-இல் காட்டிய வழியில், ஒவ்வோர் இணைக்கும் நிகழ்தகவு கணக்கிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இன்னொரு தடையும் உண்டு. ஒரு வளையத்தின் எழுத்துகள் வெளியே உள்ள இன்னொரு பகுதியோடு இணைந்து போலிமுடிச்சு உண்டாகும்போது, மேற்சொன்ன நெறிமுறைகள் தடுமாறுகின்றன. எல்லா வகைப் போலிமுடிச்சுகளையும் அனுமதித்தால் கணக்கு கணினிக்கே எட்டாத அளவுக்குக் கடினமானது என்பது 2000-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. பல அடுக்கு நரம்பு வலையமைப்புகளைத் தரவில் பயிற்றும் ஆழ்கற்றல் இங்கேதான் நம்பிக்கையோடு நுழைந்தது. 2019-இல் வந்த ஸ்பாட்-ஆர்.என்.ஏ., பின்னர் வந்த எம்எக்ஸ்ஃபோல்டு2, யுஃபோல்டு போன்றவை, இணைகளை ஒரு சதுரப் படம்போல் வைத்துக்கொண்டு, படத்தில் பொருளை அடையாளம் காணும் அதே வலையமைப்புகளால் கணித்தன. வெளியான எண்கள் பழைய முறைகளைவிட மிக உயர்ந்திருந்தன.

அந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயிற்சித் தரவில் பெரும்பகுதி டிஆர்என்ஏ, ரைபோசோம் ஆர்.என்.ஏ. போன்ற சில பெரிய குடும்பங்களிலிருந்து வருவது. ஒரே குடும்பத்தின் ஆயிரம் உறுப்பினரில் எண்ணூறு பயிற்சிக்கும் இருநூறு சோதனைக்கும் போனால், மாதிரி மடிப்பின் விதியைக் கற்றதா, குடும்பத்தின் முகத்தை மனப்பாடம் செய்ததா என்று பிரித்தறிய வழியில்லை. 2022-இல் வெளிவந்த ஆய்வுகள் இதை நேராகவே சோதித்தன: பயிற்சியில் இல்லாத குடும்பத்தைக் கொடுத்தபோது ஆழ்கற்றல் மாதிரிகளின் துல்லியம் சரிந்தது. இதைச் சொல்வது ஆழ்கற்றலைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. டர்னரின் அளவுகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பயிலும் எம்எக்ஸ்ஃபோல்டு2 போன்ற மாதிரிகள் இந்தச் சரிவைத் தணிக்கவே அப்படி வடிவமைக்கப்பட்டன. இயற்பியலைத் தூக்கி எறியாமல் அதன்மேல் கற்றலைக் கட்டும் வழிதான் சரியான வழி என்பது என் கருத்து.

தரவுப் பஞ்சத்துக்கு இன்னொரு மருந்தும் கிடைத்திருக்கிறது. கெவின் வீக்ஸின் ஆய்வகம் 2005-இல் அறிமுகப்படுத்திய ஷேப் முறையில், இணையாமல் தளர்ந்து நிற்கும் எழுத்துகளில் ஒரு வேதிப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. எந்த எழுத்தில் ஒட்டியது என்று வாசித்தால் எது இணையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துவிடும். முப்பரிமாண வடிவத்தை இது தராது; ஆனால் ஒரே சோதனையில் லட்சக்கணக்கான ஆர்.என்.ஏ.க்களுக்குச் செய்யலாம். ஸ்டான்ஃபோர்டில் ரிஜு தாஸின் குழு ஏறத்தாழ 20 லட்சம் ஆர்.என்.ஏ. எழுத்து வரிசைகளுக்கு இத்தகைய வேதித்தரவைத் திரட்டி, 2023-இல் காகிள் என்ற தரவறிவியல் போட்டித் தளத்தில் ரைபோனான்சா என்ற பெயரில் போட்டி நடத்தியது. சிறந்த தீர்வுகளில், ஆற்றல் மென்பொருள் தந்த இணை நிகழ்தகவுகளும் வலையமைப்புக்கு உள்ளீடாகச் சென்றன. பழையதும் புதியதும் கைகோத்த நல்ல எடுத்துக்காட்டு இது.

முப்பரிமாண வடிவம் வேறு கதை. புரதத்தின் முதுகெலும்பை, அமினோ அமிலம் ஒன்றுக்கு இரண்டு திருப்பக் கோணங்களால் பெரும்பாலும் விவரித்துவிடலாம். அவற்றில் எவை இயலும், எவை இயலாது என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வரைந்த படம் இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. ஆர்.என்.ஏ.வில் ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் (ஓர் எழுத்துக்குரிய அலகு) முதுகெலும்பில் மட்டும் ஆறு கோணங்கள். காரம் சர்க்கரையோடு இணையும் இடத்தில் ஏழாவது ஒன்று. எழுத்துகளோ நான்கே நான்கு. புரதத்தின் இருபது அமினோ அமிலங்களைப் போல வரிசையைப் பார்த்தே வடிவத்தை ஊகிக்கும் அளவுக்கு அவற்றில் வேறுபாடு இல்லை. முழுக்க முழுக்க எதிர்மின்னேற்றம் கொண்ட இழை என்பதால் மக்னீசியம் அயனிகள் இல்லாமல் பல ஆர்.என்.ஏ.க்கள் மடிவதே இல்லை. பல கணிப்பு முறைகள் அந்த அயனிகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தரவு. புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன, ஆர்.என்.ஏ. மட்டுமே கொண்டவை அதில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றன, அவற்றிலும் ஒன்றுபோலவே இருப்பவை நிறைய. ஆல்ஃபாஃபோல்டின் வெற்றிக்கு வலையமைப்பின் திறமை எவ்வளவு காரணமோ, உலகெங்கும் படிகவியலாளர்கள் அரை நூற்றாண்டாகச் சேர்த்த அந்தத் தரவும் அவ்வளவு காரணம். குறைந்த தரவிலும் ஏதாவது செய்ய முடியுமா என்பதற்கு 2021-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஏரெஸ் ஒரு விடை: 18 ஆர்.என்.ஏ. அமைப்புகளை மட்டுமே கொண்டு பயின்ற அந்த மாதிரி, வேறு மென்பொருள் உண்டாக்கிய ஆயிரக்கணக்கான உத்தேச வடிவங்களில் எது உண்மைக்கு நெருக்கமானது என்று மதிப்பெண் இட்டது. ஆனால், நல்ல வடிவம் ஒன்று அந்தக் குவியலில் இருந்தால்தானே மதிப்பெண் உதவும்?

காஸ்ப் என்ற இரண்டாண்டுக்கொருமுறைப் போட்டியில், வெளியிடப்படாத அமைப்புகளை முன்கூட்டியே கணிக்கச் சொல்வார்கள். மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை என்பதால் அதன் முடிவுகளையே நான் மிகவும் மதிக்கிறேன். 2020-இல் புரதத்தில் ஆல்ஃபாஃபோல்டு2 எல்லாரையும் பின்தள்ளியது அங்கேதான். 2022-இல் முதல்முறையாக 12 ஆர்.என்.ஏ. இலக்குகள் சேர்க்கப்பட்டபோது, முன்னணியில் நின்ற குழுக்கள் ஆழ்கற்றலைச் சார்ந்தவை அல்ல. மனித நிபுணர்கள் இயற்பியல் முறைகளையும் அறியப்பட்ட துண்டுகளையும் கொண்டு கட்டிய வடிவங்களே முந்தின. பின்னர் டிஆர்ஃபோல்டு, ரோஃபோல்டு, ரோசெட்டாஃபோல்டு-என்.ஏ. போன்றவை வந்தன, 2024 மே மாதம் வெளியான ஆல்ஃபாஃபோல்டு3 ஆர்.என்.ஏ.வையும் சிறு மூலக்கூறுகளையும் சேர்த்தே கணிக்கிறது. ஆயினும் 2024 காஸ்ப் போட்டியிலும், உறவு அமைப்பு ஏதும் இல்லாத ஆர்.என்.ஏ.க்களில் புரதத்தில் கண்டதுபோன்ற பாய்ச்சல் நிகழவில்லை.

இப்போது மருந்துக்கு வருவோம். ஆர்.என்.ஏ.வில் மருந்து ஒட்டும் என்பது புதுச் செய்தி அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், லினசோலிட் எல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஒட்டியே வேலை செய்கின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் சிறு துணையலகைச் சில நுண்ணுயிர் எதிர்மருந்துகளோடு சேர்த்துப் படமெடுத்தது. 2009-இன் வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். பாரோமோமைசின் ஒட்டிய இடத்தில், 1492, 1493 எண்ணுள்ள இரண்டு அடினைன்கள் (ஏ என்ற காரம்) சுருளிலிருந்து வெளியே புரண்டு நிற்கின்றன. மருந்து இல்லாதபோது அவை உள்ளே அடங்கி இருக்கும். அதாவது, மருந்துக்கு இடம் கொடுத்த அந்தக் குழி மருந்து வருவதற்கு முன் அதே வடிவில் இல்லை. வெறும் ஆர்.என்.ஏ.வின் ஒரு வடிவத்தை மிகத் துல்லியமாகக் கணித்து அதில் மருந்தைப் பொருத்திப் பார்க்கும் நிரல், சரியான மருந்தையே 'பொருந்தாது' என்று தள்ளிவிடக்கூடும்.

இதற்கு விடை ஒரு வடிவத்தை அல்ல, வடிவங்களின் தொகுப்பைக் கணிப்பது. எச்.ஐ.வி.யின் டார் என்ற ஆர்.என்.ஏ.வில் இரண்டு தண்டுகளுக்கு நடுவே மூன்று எழுத்துப் புடைப்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றித் தண்டுகள் ஓயாமல் வளைந்து நிமிர்கின்றன. ஹஷிம் அல்-ஹஷிமியின் ஆய்வகம் காந்த ஒத்ததிர்வு அளவீடுகளையும் மூலக்கூறு இயக்கக் கணக்கீட்டையும் இணைத்து இந்த நிலைகளின் தொகுப்பை உருவாக்கியது. 2018-இல் அவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் சேர்மங்களை ஆய்வகத்தில் நேராகச் சோதித்து, கணினித் தேர்வோடு ஒப்பிட்டபோது, தொகுப்பு எவ்வளவு துல்லியமாக இருந்ததோ அவ்வளவுக்குத் தேர்வும் துல்லியமாக இருந்தது. தொகுப்பின் துல்லியத்தைக் குறைத்தபோது தேர்வின் தரமும் குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனெனில் எதைச் சரிசெய்தால் பலன் கிடைக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

ரிஸ்டிப்லாம் என்ற மருந்தின் வரலாறு இன்னும் ஆழமான பாடம். முதுகுத் தண்டுவடத் தசைநலிவு நோயில் எஸ்எம்என்1 மரபணு இல்லாமல் போகிறது; அதன் இரட்டைபோன்ற எஸ்எம்என்2 இருந்தாலும், அதன் ஏழாம் எக்ஸானில் (புரதச் செய்தியில் சேர வேண்டிய துண்டு) ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், துண்டுகளை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசிங்கின்போது அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. இந்த விடுபடலைத் தடுத்து எக்ஸானைச் சேர்க்க வைக்கும் மருந்துதான் ரிஸ்டிப்லாம். அமெரிக்காவில் 2020 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. இந்த வகை மூலக்கூறுகள் செல்களில் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சோதித்துத்தான் முதலில் கண்டெடுக்கப்பட்டன. அவை எங்கே, எப்படி ஒட்டுகின்றன என்பதை, அதே குடும்ப மூலக்கூறு ஒன்றைக் கொண்டு சூரிச்சில் ஃபிரெடெரிக் அல்லெனின் குழு 2019-இல் காட்டியது: எக்ஸானின் ஓரமும் யு1 என்ற சிறு உட்கரு ஆர்.என்.ஏ.வும் இணையும் இடத்தில், இணையில்லாமல் புடைத்து நிற்கும் ஓர் அடினைனை மருந்து உள்ளே நிலைப்படுத்தி, இணைப்பை உறுதியாக்குகிறது. ஒட்டும் குழி எஸ்எம்என்2-இன் ஆர்.என்.ஏ.வில் தனியாக இல்லை, யு1-இலும் தனியாக இல்லை. இரண்டும் சேரும் கணத்தில் மட்டும் உண்டாகிறது. எஸ்எம்என்2-இன் வரிசையை மட்டும் கொடுத்து வடிவம் கணிக்கச் சொன்னால், எவ்வளவு சிறந்த மாதிரியும் இந்தக் குழியைக் காட்டியிருக்காது. நோயாளிகளுக்கு வந்து சேர்ந்த ஒரு மருந்தே இப்படி இருக்கும்போது, 'வரிசை, வடிவம், குழி, மருந்து' என்று நேர்கோட்டில் வரையப்படும் திட்ட வரைபடங்களைச் சற்றுத் தயக்கத்தோடே பார்க்க வேண்டும். 2015-இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அறிவித்த ரைபோசிலும் அப்படியே: பாக்டீரியாவை வளரவிடாமல் தடுத்த சேர்மத்தை முதலில் கண்டார்கள், அது ரைபோஃபிளேவின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ரைபோசுவிட்ச் என்ற ஆர்.என்.ஏ. பகுதியில் ஒட்டுகிறது என்பது, எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்களின் மரபணு மாற்றங்களைப் பார்த்த பிறகே தெரிந்தது.

அப்படியானால் இயந்திரக் கற்றலுக்கு இங்கே என்ன வேலை? வரிசைப்படுத்துவது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜான் ஷ்னீக்ளோத்தின் குழு, 24,572 சேர்மங்களை 36 நியூக்ளிக் அமில இலக்குகளோடு சோதித்து, ஆர்.என்.ஏ.வில் ஒட்டும் 2,003 மூலக்கூறுகளை ராபின் என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. ஒட்டாதவற்றின் விவரமும் உண்மையான சோதனையிலிருந்து கிடைப்பது அதன் தனிச்சிறப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிஹாவின் குழு, பிணைப்பு வலிமை அளவுகளைத் திரட்டி ஆர்-சிம் என்ற தரவுத்தளத்தையும், அதைக் கொண்டு வலிமையைக் கணிக்கும் ஆர்எஸ்ஏபிரெட் என்ற கருவியையும் உருவாக்கியுள்ளது. ரைபோசோம் ஆர்.என்.ஏ., ரைபோசுவிட்ச், வைரஸ் ஆர்.என்.ஏ. என்று இனம் பிரித்துத் தனித்தனி மாதிரி அமைத்தது அறிவார்ந்த முடிவு. இவற்றில் ஒட்டும் மூலக்கூறுகளின் இயல்பே வேறு வேறு. உங்கள் திட்டப்பணிக்குத் தரவு தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை; இந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டால், என் பரிந்துரை இது. ஒரே ஓர் ஆர்.என்.ஏ.வைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் ஆய்வகத்தில் அமைப்பு அறியப்பட்ட ரைபோசுவிட்ச் ஒன்றாக இருந்தால் உங்கள் கணிப்பைச் சரிபார்க்க முடியும். ஆர்ஃபேம் என்ற ஆர்.என்.ஏ. குடும்பத் தரவுத்தளத்தில் அதன் குடும்ப வரிசைகளை எடுத்து, இணையின் ஒரு பக்கம் மாறும்போது மறுபக்கமும் சேர்ந்து மாறுகிறதா என்று பாருங்கள். பரிணாமம் காத்து வந்த இணைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வியன்னா மென்பொருளில் நிகழ்தகவுகளைக் கணக்கிட்டு, அதோடு ஒப்பிடுங்கள். முப்பரிமாணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளை ஓட்டிப் பாருங்கள்; அவை முரண்படும் பகுதியில் எந்த மருந்தையும் பொருத்திப் பார்க்காதீர்கள். தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது, குடும்பம் முழுவதும் ஒரே பக்கம் போகும்படி பிரியுங்கள். வேதிச் சட்டகம் ஒன்றாக உள்ள சேர்மங்களையும் அவ்வாறே பிரியுங்கள். துல்லியம் குறையும், குறைந்து வரும் அந்த எண்ணையே அறிக்கையில் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்த பின் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஆர்.என்.ஏ.வில் ஒட்டும் மூலக்கூறுகளில் பல நேர்மின்னேற்றம் உடையவை, தட்டையான அரோமாட்டிக் வளையங்கள் கொண்டவை. பல மாதிரிகள் ஆர்.என்.ஏ.வைப் பார்ப்பதே இல்லை. மூலக்கூறின் இந்த அடையாளங்களை மட்டும் பார்த்து 'ஒட்டும்' என்று சொல்லிவிடுகின்றன, மதிப்பெண்ணும் நன்றாகவே வருகிறது. ஆகவே உங்கள் மாதிரியில் ஆர்.என்.ஏ.வை எடுத்துவிட்டுத் தொடர்பே இல்லாத வேறொன்றை வைத்து அதே சேர்மங்களை மீண்டும் வரிசைப்படுத்துங்கள். வரிசை மாறவில்லை என்றால், உங்கள் மாதிரி இன்னும் அந்த ஆர்.என்.ஏ.வைப் பற்றி எதையும் கற்கவில்லை. அந்த வரிசையை வைத்துக்கொண்டு சேர்மம் வாங்கச் செலவு செய்யாதீர்கள். வரிசை மாறி, அறியப்பட்ட மூலக்கூறு தனக்குரிய ஆர்.என்.ஏ.வில் மட்டும் மேலே வந்தால், முதல் இருபது சேர்மங்களை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.